சுவரும் விதியும்: பெங்களூர் கன்டோன்மென்ட்டில் ஒரு கார்மேல் மடத்தின் கட்டட ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கத்தோலிக்கக் கன்னியர் மடம் பெங்களூர் கன்டோன்மென்ட் பகுதியில், தமிழ்ப் பூசை நடக்கும் பங்குக் கோவில்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. பெயரையும் தெருவையும் தரவில்லை. உள்ளே இருக்கும் சகோதரிகள் வெளியே வருவதில்லை, வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தையும் விரும்புவதில்லை. தெருவிலிருந்து பார்த்தால் தெரிவது ஒரு நீளமான கல்சுவர், ஒரு சின்னக் கோவில் முகப்பு, ஒரு கதவு, அவ்வளவுதான்.

பிரச்சினை மூன்று. சகோதரிகள் ஒரு நாளில் பல மணி நேரம் அமரும் ஜெபக்கூடத்தின் தெருப்பக்கச் சுவர் ஆண்டு முழுவதும் ஈரமாக இருந்தது. அதே கூடத்தின் மெட்ராஸ் டெரஸ் கூரை (மரக்கட்டைகளின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்டது) ஒழுகியது. வடக்கே ஐந்து மாடி அடுக்ககம் எழும்பியதால் தோட்டம் முழுவதும் பிறர் பார்வைக்குத் திறந்துபோனது. மூன்றையும் தனித்தனி வேலையாக எடுத்தால் தவறாகத்தான் முடியும். இந்த வகைக் கட்டடத்தில் ஒவ்வொரு சுவரும் ஏதோ ஒரு விதியைத் தாங்கி நிற்கிறது. எந்தச் சுவர் எதைக் காக்கிறது என்று தெரியாமல் ஒரு ஜன்னலைக்கூடப் பெரிதாக்கக் கூடாது.

விதியிலிருந்து வந்த வரைபடம்

கார்மேல் சபையின் ஆதி விதியை எருசலேம் மறைமுதுவர் ஆல்பர்ட் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிக்கொடுத்தார். 1226இல் பாப்பரசர் மூன்றாம் ஹொனோரியுஸ் அதை அங்கீகரித்தார். சின்ன விதி அது, ஆனால் கட்டட அமைப்பைப் பற்றி வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவாகப் பேசுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறை வேண்டும். அறைகளுக்கு நடுவே கோவில் இருக்க வேண்டும். வருபவரை முதலில் எதிர்கொள்ளும்படி தலைவரின் அறை வாசலுக்கு அருகே அமைய வேண்டும். இந்த மடத்தின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் மூன்றும் அப்படியே இருக்கின்றன. தலைவியின் அறை வாசலை ஒட்டி, கோவில் நடுவில், அறைகள் முற்றத்தைச் சுற்றி.

1562இல் ஆவிலாவில் புனித தெரேசா முதல் சீர்திருத்த மடத்தைத் தொடங்கியபோது 13 பேருக்கு மேல் வேண்டாம் என்றார். பிறகு அந்த வரம்பு 21 ஆனது. மடத்துக் கட்டடம் சிறியதாகவும் எளியதாகவும் இருக்க வேண்டும் என்பதில் அவர் மிகக் கண்டிப்பு. தீர்ப்பு நாளில் இந்த ஏழைப் பெண்களின் வீடு இடிந்து விழும்போது பெரிய சத்தம் கேட்கக் கூடாது என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். தோட்டத்தில் தனியே ஜெபிக்கக் குடில்கள் வேண்டும் என்று கேட்டவரும் அவரே. அடுத்த ஆண்டே, 1563இல், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் கன்னியர் மடங்களின் அடைப்பை, அதாவது உள்ளே இருப்பவர் வெளியே போகாமலும் வெளியார் உள்ளே வராமலும் காக்கும் விதியை, மீண்டும் கடுமையாக்கியது. கார்மேல் மடத்தின் உயர்ந்த சுவர், கிராதி, முகம் பார்க்காமல் பொருள் கொடுத்து வாங்கும் சுழல்பெட்டி எல்லாம் இந்த இரண்டும் சேர்ந்ததன் விளைவு: சிறிய வீடு, கடுமையான எல்லை.

இந்தியாவில் இந்த மரபு புதுச்சேரியில் 1748இல் தொடங்கியது. மங்களூர் கார்மேல் 1870இல் வந்தது. 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்ட மரியம் பவார்தி அந்த முதல் குழுவில் வந்து, 1871 நவம்பரில் மங்களூரிலேயே வார்த்தைப்பாடு, அதாவது துறவற உறுதிமொழி, கொடுத்தார்.

பெங்களூர்க் கத்தோலிக்க வரலாறு வேறு வழியில் வந்தது. 1809இல் கன்டோன்மென்ட் அமைந்தபின் சிப்பாய்களோடும் வியாபாரிகளோடும் தமிழர்கள் பெருமளவில் வந்து குடியேறினார்கள். பாரிஸ் அந்நிய மறைபரப்புச் சபைக் குருக்கள் அவர்களிடையே பணி செய்தார்கள். 1854இல் நல்லாயன் சபைக் கன்னியர் வந்தார்கள். அவர்கள் 1886இல் தொடங்கிய புனித மார்த்தா மருத்துவமனை இன்றும் நடக்கிறது. பிளாக்பள்ளியில், இன்றைய சிவாஜிநகரில், மரியன்னைக் கோவில் 1882இல் கோத்திக் பாணியில் எழுந்தது. 1940இல் பெங்களூர் தனி மறைமாவட்டமானது. பள்ளி, மருத்துவமனை நடத்தும் சபைகளே இங்கே அதிகம். அவர்களுடைய கட்டடங்கள் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும். அடைபட்ட மடம் தெருவுக்கு முதுகைக் காட்டும். நகரத்துக் கொத்தனார்களும் என்ஜினியர்களும் முதல் வகையைப் பார்த்துப் பழகியவர்கள். இரண்டாவது வகையில் அவர்கள் தடுமாறுவதற்கு அதுதான் காரணம்.

உள்ளே என்ன இருக்கிறது

வெளிக்கோவில் தெருவை நோக்கி இருக்கிறது. பொதுமக்கள் பூசை காண வருவது இங்கே. பீடத்துக்குச் செங்குத்தாக, ஆங்கில எல் எழுத்துப்போல, சகோதரிகளின் ஜெபக்கூடம் போகிறது: 6 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம். நடுவே இரும்புக் கிராதி. சகோதரிகளுக்குப் பீடம் தெரியும். மக்களுக்குச் சகோதரிகள் தெரியமாட்டார்கள். கிராதியின் ஓரத்தில் நற்கருணை கொடுக்க ஒரு சின்னக் கதவு.

ஜெபக்கூடத்துக்கு அப்பால் சதுர முற்றம், நான்கு பக்கமும் வளைவுத் தூண்களோடு நடைதாழ்வாரம். முற்றத்தின் ஓரத்தில் கிணறு. மேற்கில் சாப்பாட்டறையும் சமையலறையும், ஓஸ்தி (பூசைக்கான அப்பம்) சுடும் அறையும். தாழ்வாரத்துக்கு மங்களூர் ஓடு, அறைகளுக்கும் ஜெபக்கூடத்துக்கும் மெட்ராஸ் டெரஸ். தரை சிவப்பு ஆக்சைடு. அஸ்திவாரமும் பீடக்கட்டும் (தரைமட்டத்துக்கு மேல் எழும் அடிக்கட்டு) கருங்கல், அதற்கு மேல் 45 செ.மீ. தடிமனில் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய செங்கல் சுவர்.

சுழல்பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். சுவரின் தடிமனுக்குள் நிற்கும் மர உருளை இது, ஒரு பக்கம் மட்டும் திறப்பு. வெளியிலிருந்து காய்கறியோ கடிதமோ வைத்துச் சுற்றிவிட்டால் உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. முழு எடையும் அடியில் ஒரே முளையில் நிற்கிறது. முளை தேய்ந்தால் உருளை சாய்ந்து சட்டத்தில் உரசும். மழைக்காலத்தில் மரம் ஊதினால் நின்றே போகும். ஆசாரிகள் உடனே உருளையின் ஓரத்தை இழைக்கப் பார்ப்பார்கள், கூடாது. கோடையில் இடைவெளி பெரிதாகி உள்ளே தெரிய ஆரம்பிக்கும். முதலில் முளையையும் அது அமரும் கல் குழியையும் பாருங்கள். இங்கே முளை ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. புதிய எஃகு முளையும் பித்தளைக் கிண்ணமும் போட்டு, தூக்குக்குண்டு வைத்து நேராக்கியபின் சுற்றிலும் 6 மி.மீ. இடைவெளி கிடைத்தது. ஒரு சீவல்கூட எடுக்கத் தேவைப்படவில்லை.

ஈரம் எங்கிருந்து

கூரை ஒழுகுவதால்தான் சுவர் ஈரம் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அப்படியில்லை.

முதல் சோதனை செலவில்லாதது. 30 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். சுவர்ப் பக்கம் நீர்த்துளி கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் கோத்தால் காற்றின் ஈரம். இங்கே சுவர்ப் பக்கம். இரண்டாவது, 30 செ.மீ., 1 மீட்டர், 1.5 மீட்டர், 2 மீட்டர் உயரங்களில் துளையிட்டுத் தூளை எடுத்து, எடைபோட்டு, 105 டிகிரியில் உலர்த்தி மறுபடி எடைபோடுவது. கீழே ஈரம் அதிகம், மேலே போகப்போகக் குறைவு என்றால் நீர் தரையிலிருந்து ஏறுகிறது. மூன்றாவது பொறுமையாகக் கவனிப்பது. மழை பெய்த சில மணி நேரத்தில் கறை விரிந்தால் கூரையோ குழாயோ காரணம். பல நாள் கழித்து விரிந்தால் மண். இந்தச் சுவரில் அடிப்பகுதிக் கறை மெதுவாகவும், உத்தர முனைகளின் கீழிருந்த கறைகள் உடனேயும் விரிந்தன. ஆக இரண்டு தனி நோய்கள்.

மண்ணிலிருந்து ஈரம் ஏறக் காரணம் தெரு. கட்டிய காலத்தில் பீடக்கட்டு தெருவைவிட 60 செ.மீ. உயரமாக இருந்தது, கல் வரிசையைத் தோண்டிப் பார்த்தால் தெரிகிறது. தார்மேல் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, இப்போது 20 செ.மீ. தான் மிச்சம். அதோடு, பழைய கல் தாரைகள் கூரைத் தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளி வீசியிருக்கின்றன. பின்னாளில் யாரோ அவற்றை அடைத்துவிட்டு பிவிசி குழாயைச் சுவரோடு இறக்கி, சுவரின் காலடியிலேயே விட்டிருந்தார்கள். பெங்களூரில் ஆண்டுக்குச் சுமார் 970 மி.மீ. மழை. 72 சதுர மீட்டர் கூரையில் வழிவதையும் சிதறுவதையும் கழித்தாலும் சுமார் 59,000 லிட்டர். அத்தனையும் அஸ்திவாரத்தில் ஊற்றப்பட்டது.

மூன்றாவது தப்பு எல்லாவற்றையும் விட மோசமானது. ஈரத்தை மறைக்க உள்பக்கம் 1.5 மீட்டர் உயரத்துக்கு சிமென்ட் பூச்சும், அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷனும் போட்டார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். ஏறும் ஈரம் பூச்சு வழியே காற்றில் கலந்துவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்ததும் ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமென்ட் முடியும் இடத்துக்கு மேல் 2.1 மீட்டரில் உப்பாகப் பூத்தது. பெங்களூரின் பழைய வீடுகளில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒவ்வொரு முறையும் செலவு செய்து நோயை மேலே ஏற்றிவிடுகிறார்கள்.

முதலில் மண், பிறகு சுவர்

தண்ணீரை நிறுத்தாமல் பூச்சைத் தொடவில்லை. குழாய்களைச் சுவரிலிருந்து விலக்கி, வண்டல் பிடிக்கும் தொட்டி வழியாக முற்றத்துக் கிணற்றுக்குத் திருப்பினோம். மழைநீர் சேகரிப்பு பெங்களூரில் 2009 முதல் சட்டக் கடமையும்கூட. கிணற்றைத் தூர்வார ஒட்டர் சமூகத்துக் கிணறு வெட்டிகளையே அழைத்தோம். கல் உறையைக் கலைக்காமல் இறங்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

தெருப்பக்கச் சுவரை ஒட்டி, மதிலுக்கு உள்ளே 30 செ.மீ. அகலத்தில் வடிகால் பள்ளம். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது. ஒரே நேரத்தில் முழு நீளமும் தோண்டக் கூடாது; 2 மீட்டர் தோண்டி முடித்து, அடுத்த 2 மீட்டரை விட்டு, அதற்கடுத்ததை எடுக்க வேண்டும். வடிதுணி விரித்து, துளையிட்ட 4 அங்குலக் குழாயை 100க்கு 1 சரிவில் வைத்து, 20 மி.மீ. ஜல்லி நிரப்பித் துணியை மடித்து மூடினோம்.

சிமென்ட் பூச்சைக் கையுளியால் உடைத்து எடுத்தோம், செங்கல் மூட்டுகளுக்குள் இருந்ததையும் சேர்த்து. வெளியே வந்த உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி அள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். ஒரு மழைக்காலம் முழுக்கச் சுவரைப் பூச்சில்லாமல் விட்டுவைத்தோம். அந்த மாதங்களில் வெறும் செங்கலைப் பார்த்தபடி ஜெபிக்கச் சகோதரிகள் ஒப்புக்கொண்டதுதான் இந்த வேலையில் கிடைத்த மிகப் பெரிய உதவி. அவசரப்பட்டிருந்தால் புதுப் பூச்சும் உப்பில் உதிர்ந்திருக்கும்.

புதுப் பூச்சு சுண்ணாம்பு 1, மணல் 3. சுண்ணாம்பு குறைந்தது இரண்டு வாரமாவது தொட்டியில் தண்ணீருக்கடியில் ஊற வேண்டும். வேகாத கட்டி மிச்சமிருந்தால் பூசியபின் சுவரில் வெந்து கொப்புளமாகத் தெறிக்கும். முதல் பூச்சு 12 மி.மீ., இரண்டாவது 6 மி.மீ. சாக்கு நனைத்து மூடி வைத்து மெதுவாக உலர விட்டோம். மேலே எமல்ஷன் இல்லை, மெல்லிய வெள்ளைச் சுண்ணாம்பு நான்கு முறை.

கூரை

6 மீட்டர் அகலத்துக்குக் குறுக்கே 3 மீட்டருக்கு ஒன்றாக இரும்பு உத்தரம். அவற்றின்மேல் 45 செ.மீ. இடைவெளியில் தேக்குக் கட்டைகள். கட்டைகளின்மேல் 15 × 7.5 × 2.5 செ.மீ. டெரஸ் செங்கலைக் குத்தாக, மூலைவாட்டில் அடுக்கியிருக்கிறார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம், மேலே தட்டோடு. எங்கும் கம்பி இல்லை. செங்கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதுதான் அதன் பலம்.

இதன்மேல் தார் ஷீட்டும் 5 செ.மீ. சிமென்ட் தளமும் ஏற்றியிருந்தார்கள். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 115 கிலோ. மொத்தக் கூரைக்கு 8 டன்னுக்கு மேல். கட்டை தொய்கிறதே என்று கேட்டால் பதில் இங்கே இருக்கிறது. வெயிலில் சிமென்ட் விரிசல் விட, உள்ளே இறங்கிய நீர் தார் ஷீட்டுக்கு அடியில் சிக்கி, வெளியேற வழியில்லாமல் கட்டைகளை நோக்கி இறங்கியது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் ஓர் அரசங்கன்று வேறு. அதன் வேரைப் பிடுங்கினால் செங்கல் வந்துவிடும். மண்மட்டத்தில் அறுத்து, வேரைத் துளையிட்டுக் கொன்று, காய்ந்தபின்தான் எடுக்க வேண்டும்.

மரத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தோம். நடுக்கட்டைகள் கல்லாட்டம் இருந்தன. கெட்டவை கோடியில் சுவருக்குள் போகும் முனைகள் மட்டுமே. முழுக்கட்டையையும் மாற்றச் சொல்லும் யோசனையை ஏற்கவில்லை. அந்த நீளத்தில் அந்தத் தரத் தேக்கு இன்று கிடைப்பது அரிது, மேலே இருக்கும் செங்கலையும் கலைக்க வேண்டிவரும். அடியில் முட்டுக் கொடுத்து, கெட்ட 40 செ.மீ. முனையை அறுத்து, அதே அளவுப் பழைய தேக்கைச் சேர்த்து, இருபுறமும் 6 மி.மீ. எஃகுத் தகடு வைத்து போல்ட் போட்டு இறுக்கினோம். 20 செ.மீ. உயரக் கட்டைக்குத் தகடு மூட்டின் இரண்டு பக்கமும் 60 செ.மீ. போக வேண்டும். முனை கருங்கல் மெத்தையில் அமர்கிறது. சுற்றிலும் 2 செ.மீ. காலியிடம், அதில் கலவை அடைக்கக் கூடாது. காற்றுப் படாத முனைதான் அழுகும். இரும்பு உத்தரங்களின் முனையில் துரு ஊதிப் பூச்சைப் பிளந்திருந்தது. சுரண்டி, துருத்தடுப்புப் பூசி, அங்கேயும் இடைவெளி விட்டோம்.

சிமென்ட் தளத்தை பிரேக்கர் மெஷின் வைத்து உடைக்கவில்லை. அதிர்வில் குத்துச் செங்கல் நழுவினால் கூரையே இறங்கும். உளியும் சுத்தியலும் கொண்டு 2 மீட்டர் பட்டை பட்டையாக எடுத்தோம். பிறகு புதுத் தளம்: செங்கல் ஜல்லி இரண்டரைப் பங்குக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, நடுவில் 13.5 செ.மீ., இரு ஓரங்களிலும் 7.5 செ.மீ.; அதாவது 50க்கு 1 சரிவு. கடுக்காயை உடைத்து ஒரு வாரத்துக்கு மேல் ஊறவைத்த நீரில் வெல்லம் கரைத்துத் தெளித்தபடி மூன்று நாள் மரக்கட்டையால் அடிக்க வேண்டும். அடித்த கட்டை துள்ளித் திரும்பினால் தளம் கெட்டிப்பட்டது. வெல்லம் கூடினால் எறும்பு வரும், இறுகவும் தாமதமாகும். பத்து நாள் ஈரச்சாக்கு, பிறகு தட்டோடு. இந்த வேலை மார்ச்சுக்குள் முடிய வேண்டும். ஏப்ரல் கடைசியிலிருந்தே பெங்களூரில் இடிமழை வரும், பச்சைச் சுண்ணாம்பு அதைத் தாங்காது.

அடைப்புக்குள் வேலை செய்வது

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 667ஆம் பிரிவு இத்தகைய மடங்களுக்குப் பாப்பிறை அடைப்பை, அதாவது பாப்பரசரின் ஆட்சிப்பீடம் வகுத்த முறைப்படியான அடைப்பை, விதிக்கிறது. அவசியமான காரணமிருந்தால் பிறர் உள்ளே வரலாம், அதற்கு முன் அனுமதி வேண்டும். யார், எத்தனை பேர், எந்த அறைக்கு என்ற பட்டியல் முந்தின நாள் மாலையே தலைவியிடம் போய்விட வேண்டும். ஆட்கள் நடக்கும்போது ஒரு சகோதரி கைமணி அடித்தபடி முன்னே போவார், மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

வேலை நேரம் காலை 8.30 முதல் 11.15 வரை, மதியம் 2 முதல் 4.30 வரை. மற்ற நேரம் கட்டளை ஜெபமும் (குறித்த வேளைகளில் சேர்ந்து சொல்லும் ஜெபம்), காலை மாலை ஒவ்வொரு மணி நேர மௌன ஜெபமும். வெளிவேலை பார்க்கும் சகோதரி தர்மபுரிப் பக்கத்துக்காரர். முதல் நாளே மேஸ்திரியிடம், "அண்ணே, மணி அடிச்சா கையில இருக்கிறத அப்படியே வெச்சிருங்க, பாதி அடின்னாலும் பரவால்ல" என்றார். "சரிங்க சிஸ்டர், தளம் அடிக்கிற மூணு நாள் மட்டும் நிறுத்த முடியாதுங்க" என்று திருவண்ணாமலைக்கார மேஸ்திரி பதில் சொன்னார். சொன்னது நியாயம், சுண்ணாம்புத் தளத்தை நடுவில் விட்டால் மூட்டு விழும். அந்த மூன்று நாளும் ஜெபத்தைச் சாப்பாட்டறைக்கு மாற்றினார்கள். இப்படிப்பட்ட பேச்சு ஒப்பந்தம் எழுதும்போதே நடந்துவிட வேண்டும்.

பார்வைக்கு எதிரான சுவர்

மதில் 3 மீட்டர். பக்கத்தில் ஓட்டு வீடுகள் இருந்தவரை போதும். இப்போது 15 மீட்டர் தள்ளி, நான்காம் மாடியில் நிற்பவரின் கண்மட்டம் சுமார் 13.5 மீட்டர். கண்ணிலிருந்து மதில் உச்சியைத் தொட்டு ஒரு கோடு இழுத்தால், நிற்கும் ஒருவரின் தலை மறைவது மதிலையொட்டிய 2.1 மீட்டர் பட்டைக்குள் மட்டும். மதிலை 5 மீட்டராக உயர்த்தினாலும் 6.2 மீட்டர்தான் மறையும். பழைய அஸ்திவாரத்தின்மேல் அந்த உயரம் காற்றுக்கு ஆபத்து. தகரத் தட்டி வைக்கும் யோசனையும் வந்தது. வெயிலில் அது கொடுக்கும் சூட்டுக்கும் மழையில் எழுப்பும் சத்தத்துக்கும் இந்த வீட்டில் இடமில்லை.

மறைப்பை மதிலில் தேடாமல் நடப்பவருக்கு அருகில் கொண்டுவருவதே சரி. குடில்களுக்குப் போகும் பாதைமேல் 2.4 மீட்டர் உயரத்தில் கல்தூண் பந்தல், அதில் மனோரஞ்சிதம் ஏற்றினோம். ஆண்டு முழுவதும் இலை நிற்கும் கொடி. மதிலோரம் 4 மீட்டர் தள்ளி மகிழமும் புங்கையும். அரசும் ஆலும் கிட்டவே வரக் கூடாது. கொடி பந்தலை மூட இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அதுவரை பந்தலில் பச்சை நிழல்வலை கட்டியிருக்கிறது.

தெருவை அடுத்த முறை தோண்டும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு மட்டம் ஏறாமல் போடும்படி மாநகராட்சியிடம் மனு கொடுக்கப்பட்டிருக்கிறது. மட்டம் இன்னும் 10 செ.மீ. ஏறினால் உள்வடிகால் மட்டும் போதாது. வெளிப்பக்கமும் ஒன்று வெட்ட வேண்டிவரும்.